எழுநூற்றிரண்டு மில்லிமீட்டர்

19-10-2023, வியாழக்கிழமை
காலை 10.20

அன்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும், என் மனைவியும், மகனும், தங்கள் மகளும் உடல் அளவில் நலமாக இருக்கிறோம். ‘உடல் அளவில்’ என்று எழுதியதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். கவனிக்கவேண்டும் என்றுதான் எழுதினேன். தங்கள் பேக்கரியில் 2-10-2023 அன்று பொருத்திய புதிய அடுப்பு சீராக எரிகிறதா? சம்பந்தி அம்மாளின் இடது முழங்கால் வலி குறைந்ததா? இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தபின் இவற்றுக்குப் பதில் எழுதும் மனநிலையில் தாங்கள் இருப்பீர்களா என்பது ஐயமே. ஆகவே முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்கிறேன்.

சென்ற ஞாயிறு, 15-10-2023 அன்று நடந்த எண்பத்து நான்கு கிலோமீட்டர் பெண்கள் சாலை சைக்கிள் பந்தயத்தில் தங்கள் மகள் நான்காவதாக வந்ததும், முதல் மூவருக்கு மட்டுமே அணியில் இடம் என்பதும் தாங்கள் அறிந்ததே. தாங்கள் அறியாதது, அன்று மாலையே அவள் சைக்கிளைச் சுவர்க் கொக்கியில் மாட்டிவிட்டாள் என்பது. வரும் ஞாயிறு, 22-10-2023 அன்று, எதிர்வீட்டு ஓவிய ஆசிரியையின் தங்கை வந்து அதை எடுத்துச் செல்லப்போகிறாள். “கால் வரமாட்டேங்குது மாமா. முப்பத்தொண்ணு ஆயிடுச்சு. நல்ல சைக்கிள், அது ஏன் சும்மா தொங்கணும்? யாராவது ஓட்டட்டும்” என்று சொல்லிவிட்டு, அழாமல், வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு வேதனை இராது. ஏனெனில், சம்பந்தி, அவள் கால் வரத்தான் வந்தது. வராமல் போனது வேறு. அதைச் செய்தவன் நான்.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். 6-2-2022, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி சுமாருக்கு (‘சுமார்’ என்பது எனக்கு உவப்பான சொல் அன்று, அன்று கடிகாரம் பார்க்கத் தவறிவிட்டேன்) தாங்கள் அந்தச் சைக்கிளை எங்கள் முன்னறையில் நிறுத்தி, பதினொரு ஆண்டுகள் தாங்கள் ஒருவரே செய்துவந்த பராமரிப்பை என்னிடம் ஒப்படைத்தீர்கள். மருமகள் பக்கத்தில் நின்றுகொண்டு, “அப்பா கையத் தவிர வேற கை இதுல பட்டதில்ல மாமா. நீங்கங்கறதாலதான் தைரியமா குடுக்கறேன். அளவுல நீங்க பிசகமாட்டீங்க” என்றாள். எடைக்கற்களையும் அளவுகோல்களையும் சோதிக்கும் முத்திரை ஆய்வாளராக முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி 31-5-2011 அன்று ஓய்வு பெற்றேன். அன்றுமுதல் அந்த மாலை வரை யாரும் எதையும் என்னிடம் ஒப்படைத்ததில்லை. காலையில் நாட்காட்டித் தாளைக் கிழிப்பது ஒன்றே என் அலுவல். சில நாட்களில் அதையும் என் மனைவி முந்திக்கொண்டு கிழித்துவிடுவாள்.

கூடவே தாங்கள் தந்த குறிப்பேட்டைப் பற்றி இப்போது குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாவு ஒட்டி மூன்று பக்கங்கள் பிரிக்கவே வரவில்லை. பிரிந்த பக்கங்களில் ஓர் எண்கூட இல்லை. “டயரைக் கட்டைவிரலால அழுத்தினா முந்தாநேத்து ரொட்டி மாதிரி இருக்கணும்” என்று எழுதியிருந்தீர்கள். எந்த ரொட்டி? யாருடைய கட்டைவிரல்? 20-2-2022 அன்று இதை விளக்கமாகக் கேட்டு எழுதினேன். “என் கட்டைவிரல்தான் சம்பந்தி, வேற யாருது?” என்று ஒரே வரியில் பதில் போட்டீர்கள். நான் அழுத்தமானி வாங்கிக்கொண்டேன். “பிரேக் கட்டை தேஞ்சா மாத்தணும், பாத்தாலே தெரியும்” என்றிருந்தது. பார்த்தேன், தெரியவில்லை, வாரந்தோறும் தடிமனை அளந்து பதிவேட்டில் எழுதினேன். “செயினுக்குக் கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய், அப்புறம் எண்ணெயே போடலைன்னு தோணற வரைக்கும் துடைக்கணும்” என்றிருந்தது. நூற்றுப் பதினான்கு கண்ணிகளுக்கு நூற்றுப் பதினான்கு சொட்டுகள் எண்ணி விட்டேன். பிறகு எண்ணெயே போடவில்லை என்று தோன்றும் வரை துடைத்தேன். அவ்வளவு நன்றாகத் துடைத்ததில், எண்ணெய் போடவில்லை என்று எனக்கே உண்மையாகத் தோன்றிவிட்டதால் மீண்டும் முதலிலிருந்து விட்டேன். மூன்றாம் முறை என் மனைவி வந்து எண்ணெய்க் குப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். ஆனாலும், சம்பந்தி, இருபது மாதங்கள், ஏழு பந்தயங்கள். ஒருமுறையும் செயின் கழன்றதில்லை, ஒருமுறையும் பிரேக் கத்தியதில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமை பேசும் நிலையெல்லாம் தாண்டியாயிற்று.

தங்கள் குறிப்பேட்டில் கடைசிக்கு முந்தைய குறிப்பு இது: “ஆறு மாசத்துக்கு ஒரு தடவ சீட்டுக் கம்பிய வெளிய உருவித் துடைச்சு கிரீஸ் போடணும். இல்லேன்னா உள்ளேயே இறுகிக்கும்.” சென்ற ஏப்ரல் 14 அன்று செய்தேன். ஆகவே அடுத்தது அக்டோபர் 14. அதாவது பந்தயத்திற்கு முந்தைய நாள். ஆனால் கடைசிக் குறிப்போ, “பந்தயம் நெருங்கும்போது எதையும் தொடாதீங்க” என்கிறது. நெருங்கும்போது என்றால் எத்தனை நாள்? பத்தா? இரண்டா? ஒன்றா? ஒரு விதியில் தேதி இருக்கிறது, ஒரு விதியில் தேதி இல்லை. என்னைப் போன்றவன் எதற்குக் கட்டுப்படுவான் என்று தாங்களே சொல்லுங்கள். 14-10-2023, சனிக்கிழமை, பிற்பகல் 2.40-க்குக் கம்பியை உருவினேன். பழைய கிரீஸ் கல்லாக இறுகியிருந்தது. தின்னரில் துணியை நனைத்து அழுத்தித் துடைத்தேன். துணியில் இளஞ்சிவப்பாக ஏதோ ஒட்டியது. துரு என்று நினைத்தேன். சம்பந்தி, அது துரு அன்று. சீட்டு எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்பதற்காகத் தாங்கள் மகளின் நகப்பூச்சால் போட்டுவைத்த சிவப்புக் கோடு. “கோடு வரைக்கும் இறக்கணும். அளக்காதீங்க” என்று தாங்கள் எழுதியிருந்த அதே கோடு.

அப்போதும் நான் கலங்கவில்லை. ‘அளக்காதீங்க’ என்று எழுதியிருந்ததாலேயே சைக்கிள் என்னிடம் வந்த முதல் நாளே அளந்து வைத்திருந்தேன். பெடல்கள் சுழலும் நடு அச்சிலிருந்து சீட்டின் மேற்புறம் வரை எழுநூற்றிரண்டு மில்லிமீட்டர். பதிவேட்டில் தேதியும் கையொப்பமும் உண்டு. கோடு போனால் என்ன, எண் இருக்கிறதே என்று அலட்சியமாக என் எஃகு நாடாவைத் தேடினேன். அது வீட்டில் இல்லை. ஆண்டுக்கொருமுறை அதைச் சரிபார்ப்புக்காக என் பழைய அலுவலகத்துக்கு அனுப்புவது வழக்கம்; இந்த ஆண்டு முறைப்படி 9-10-2023 அன்று அனுப்பியிருந்தேன். ஒழுங்காக இருப்பவனுக்கு ஒழுங்கே எதிரியாக வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? மேசை இழுப்பறையில் ஒரு துணி நாடா கிடந்தது. நல்ல பித்தளைப் பூண், தெளிவான எண்கள். அதை வைத்து எழுநூற்றிரண்டு அளந்து, திருகை இறுக்கி, இருமுறை சரிபார்த்து, பதிவேட்டில் எழுதி, கையொப்பமும் இட்டேன். 3.55-க்கு வேலை முடிந்தது. தேநீர் குடித்தேன். நிம்மதியாகக் குடித்தேன், சம்பந்தி.

மறுநாள் காலை, பந்தயத் திடலில், 6.35-க்கு மருமகள் உடம்பைச் சூடேற்ற இரண்டு சுற்று ஓட்டிவிட்டு வந்தாள். முகம் சரியில்லை.

“மாமா, சீட்டத் தொட்டீங்களா?”

“தொட்டேன். கிரீஸ் போட்டேன். எழுநூற்றிரண்டு. இம்மிகூட மாறல.”

“தொடை ஒரு மாதிரி எரியுதே...”

“அளந்து பாத்து எழுதியிருக்கேம்மா. பதிவேட்டக் காட்டட்டுமா?”

“வேணாம் மாமா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் பயம் போல.”

இந்த இடத்தைத் தாங்கள் இருமுறை படிக்கவேண்டும். அவள் தொடை உண்மை சொன்னது. நான் பதிவேட்டைக் காட்டவா என்றேன். அவள் தன் தொடையை நம்பாமல் என்னை நம்பினாள்.

இதற்குமேல் தண்ணீர்ப் புட்டிக் கதையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் விட்டுவிட்டால் அறிக்கை முழுமையாகாது. ஐம்பத்திரண்டாவது கிலோமீட்டரில் புட்டி கொடுப்பது என் பொறுப்பு. “பசிக்கு முன்னால சாப்பிடணும், தாகத்துக்கு முன்னால குடிக்கணும், புட்டியை ரெண்டு விரலால லேசாப் பிடிச்சு, அவங்க தொட்டதும் விட்டுடணும்” என்பது தங்கள் குறிப்பு. நான் 8.10-லிருந்தே சாலையோரம் நின்றேன். கூட்டம் வந்தது. எல்லாருக்கும் தலைக்கவசம், எல்லாருக்கும் கறுப்புக் கண்ணாடி, ஒருத்தி முகமும் தெரியவில்லை. மருமகள் அணிந்திருந்தது பச்சைச் சட்டை. பச்சைச் சட்டை ஒன்று என்னை நோக்கிக் கையை நீட்டியது. கொடுத்தேன். “தேங்க்ஸ் தாத்தா!” என்று குரல் வந்தபோதுதான் தெரிந்தது, நம் வீட்டில் யாரும் என்னைத் தாத்தா என்று அழைப்பதில்லை. அடுத்த பச்சைச் சட்டை வந்தது. ஒருமுறை ஏமாந்தவன் மறுமுறையும் ஏமாறலாமா? புட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு, “எண் என்ன? உன் எண்ணைச் சொல்லு!” என்று கேட்டேன். “மாமா, நான்தான்! விடுங்க மாமா!” என்றாள். எண்ணைப் படித்துவிட்டு விடலாம் என்று கூடவே ஓடினேன். பின்னர் அடியெண்ணி அளந்ததில், பதினொரு மீட்டர் ஓடியிருக்கிறேன். எழுபத்திரண்டு வயதில், ஒரு செருப்போடு. மற்றது எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை. அவளது பயிற்சியாளர், எந்நேரமும் கழுத்தில் விசில் தொங்குவதால் எல்லாரும் அவரை விசில் என்றே அழைக்கிறார்கள், வாயைத் திறந்தபடி நின்றார். ஊதவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

“முன்னால போறவ முதுகுக்குப் பின்னால ஒட்டிக்க, காத்த அவ வாங்கிக்கட்டும், கடைசி இருநூறு மீட்டர்ல வெளிய வா” என்று தாங்கள் அவளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்ததை அவள் அப்படியே செய்தாள். ஒரு குறையும் இல்லை. ஒட்டிக்கொண்டு வந்தாள், வெளியே வந்தாள், முழு மூச்சாக மிதித்தாள். வளைவில் வேலியோரம் நின்ற நான் பார்த்தேன்: முழங்கால் மடிந்தது, மடிந்தது, நிமிரவே இல்லை, சின்ன நாற்காலியில் பெரிய ஆளை உட்காரவைத்த மாதிரி. ஒரு சாண் இடைவெளியில் நான்காவதாக வந்தாள். மூன்றாவதாக வந்தவள் யாரென்று கேட்கிறீர்களா? அந்தப் பச்சைச் சட்டைக்காரி. நம் வீட்டுத் தண்ணீர். கொதிக்கவைத்து, ஆறவைத்து, உப்பும் சர்க்கரையும் நானே நிறுத்துப் போட்ட தண்ணீர்.

தோல்விக்குக் காரணம் புட்டிதான் என்று இரண்டு நாட்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவே எவ்வளவோ மேலாக இருந்தது. 17-10-2023, செவ்வாய்க்கிழமை, காலை 11.15-க்கு எஃகு நாடா சான்றிதழோடு திரும்பி வந்தது. திரும்பி வந்த கருவியைக்கொண்டு ஒரு தெரிந்த அளவைச் சோதித்துப் பார்ப்பது என் பழக்கம். சுவரில் தொங்கிய சைக்கிளின் சீட்டு உயரத்தை அளந்தேன். அறுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு. சரிபார்த்தவர்கள் பிழை செய்துவிட்டார்கள் என்று முதலில் சிரித்தேன். பிறகு மறுபடி அளந்தேன். பிறகு இழுப்பறையிலிருந்த துணி நாடாவை எடுத்து எஃகு நாடாவோடு பக்கத்தில் வைத்தேன். பித்தளைப் பூணுக்கு அடுத்து வந்த முதல் எண் இரண்டு. ஒன்றைக் காணோம். யாரோ ஒரு சென்டிமீட்டரை நறுக்கிவிட்டுப் பூணைத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். நாடாவைத் திருப்பினேன். பின்புறம் சிவப்பு மையில், பொடி எழுத்தில், “பறிமுதல். 14-3-1989” என்று இருந்தது. கையெழுத்து என்னுடையது.

ஜவுளிக்கடை ஒன்றில் நான் பிடித்த நாடா அது. கடைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு, “ஐயா, சத்தியமா எனக்கே தெரியாதுங்க. கையில கிடைச்சத வெச்சு அளந்தேன்” என்றார். “அளக்கறவருக்குத் தெரியாம அளவு எப்படிக் குறையும்?” என்று கேட்டு, வழக்கு எழுதினேன். அந்தக் கேள்வியை அலுவலகத்தில் பல ஆண்டுகள் மேற்கோள் காட்டுவார்கள். வழக்கு முடிந்து கேட்பாரற்றுக் கிடந்த அந்த நாடாவைத்தான் நான் ஓய்வு பெற்ற நாளில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து நினைவுப் பரிசாகத் தந்தார்கள். அது பெட்டியிலிருந்து இழுப்பறைக்கு வந்தது எப்படி? மனைவியிடம் கேட்டேன்.

“ஆமாங்க, நாந்தான் எடுத்தேன். ஆடி அசைஞ்சு நீங்க இரும்பு நாடாவக் கண்டுபிடிச்சுத் தர்றதுக்குள்ள பொழுது போயிடும்னு, ஜன்னல் உயரம் நீங்க எழுதி வெச்சதுதான், திரைத் துணிய மட்டும் அதுல அளந்தேன். தைச்சு மாட்டினா திரை எட்டவே இல்ல. துணி சுருங்கிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

ஐந்து மாதங்களாக அந்தத் திரை எங்கள் முன்னறைச் சன்னலில், அடியில் ஒரு சென்டிமீட்டர் வெயில் தெரிய, தொங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் நான் தினமும் செய்தித்தாள் படிக்கிறேன். அந்தக் கடைக்காரர் உண்மையிலேயே தெரியாமல்தான் அளந்தாரோ என்னவோ, சம்பந்தி! முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து எனக்கு இப்போதுதான் அப்படித் தோன்றுகிறது. தோன்றி என்ன பயன்?

இதை மருமகளிடம் சொல்ல இரண்டு நாட்களாக முயல்கிறேன். வாயைத் திறந்தால், “அளவுல நீங்க பிசகமாட்டீங்க” என்று அவள் சொன்னது காதில் விழுகிறது. நான் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுகிறேன். நேற்று மட்டும் மூன்றுமுறை வானிலையைப் பற்றிப் பேசினேன். “மாமாவுக்கு ஜலதோஷமா?” என்று மகனிடம் கேட்டிருக்கிறாள். ஆகவே தங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். அது பொய்யான உதவி. என் வாழ்நாளில் நான் கேட்கும் முதல் பொய். வரும் சனிக்கிழமை, 21-10-2023-க்குள் தாங்கள் தற்செயலாக வருவதுபோல் வாருங்கள். தற்செயலாகச் சுவரைப் பாருங்கள். தங்கள் கட்டைவிரலால் எதையாவது அழுத்திப் பார்த்துவிட்டு, “சீட்டு ஒரு விரக்கடை இறங்கியிருக்கே, திருகு தளர்ந்துபோயிருக்கும்” என்று சொல்லுங்கள். அவள் ஏற்றி ஓட்டிப் பார்த்தால் போதும், சைக்கிள் ஞாயிறன்று வீட்டை விட்டுப் போகாது. தவறு திருகினுடையது என்று இருந்துவிட்டுப் போகட்டும். அதன்பின் குறிப்பேட்டையும், பதிவேட்டையும், அழுத்தமானியையும், எண்ணெய்க் குப்பியையும் தாங்களே திரும்ப எடுத்துச் சென்றுவிடுங்கள். இந்தப் பொறுப்பிலிருந்து நான் இன்றைய தேதியிட்டு விலகுகிறேன். நாட்காட்டித் தாளைக் கிழிப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்; அதிலும் கவனமாக இருப்பேன்.

தாங்களும் சம்பந்தி அம்மாளும் நீண்ட ஆயுளோடும், வலியில்லாத முழங்கால்களோடும், அணையாத அடுப்போடும் வாழ மனமார வேண்டுகிறேன். தங்கள் இளைய மகளுக்கு என் ஆசிகள். என்னைப் பற்றி இனி யாரேனும் விசாரித்தால், பழைய சம்பந்தி என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மன்னிப்புக்கு உரியவனா என்று தெரியாத
தங்கள் சம்பந்தி

பி.கு. (அதே நாள், பிற்பகல் 1.50): மேலே உள்ளவற்றில் நலம் விசாரித்த முதல் பத்தி மட்டும் செல்லும். மற்ற அனைத்தையும் தள்ளிவிடவும். உறையை நிறுத்துப் பார்ப்பதற்காகத் தராசு எடுக்க உள்ளே போயிருந்தேன். ஞாயிறன்று கொடுப்பதற்கு முன் சைக்கிளைத் துடைத்து வைக்கலாமென்று கீழே இறக்கிய மருமகள், செயினுக்கு அடியில் விரிக்க மேசையிலிருந்த காகிதங்களை எடுத்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது தரையில் உட்கார்ந்து மூன்றாவது தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கடைசித் தாள் வரை படித்து முடிக்கும்வரை நான் தராசோடு நின்றேன்.

“ரெண்டு நாளா எங்கிட்டச் சொல்லாம அப்பாவுக்கு லெட்டரா மாமா?” என்று கத்தினாள். கத்தட்டும், நியாயம்தான். பிறகு திடீரென்று நிறுத்தி, “இருங்க... ஒரு சென்டிமீட்டர் இறங்கின சீட்டுல, உங்ககூட பதினோரு மீட்டர் புட்டிக்கு மல்லுக்கட்டி, நாலாவதா வந்தேனா? அப்ப என் தொடை சொன்னதுதான் சரியா? என் காலுக்கு ஒண்ணும் ஆகலையா?” என்றாள். “ஒன்றும் ஆகவில்லை” என்றேன். அப்போதுதான் அழுதாள். என் மனைவி ஓடிவந்து, யார் அடித்தது என்று என்னைத்தான் கேட்டாள்.

அணியில் இடம் போனது போனதுதான். ஆனால் சைக்கிள் எங்கும் போகவில்லை. ஓவிய ஆசிரியையின் தங்கைக்கு அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். 19-11-2023, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்குப் பெயரும் கொடுத்துவிட்டாள். என் விலகல் ஏற்கப்படவில்லை. புட்டி கொடுக்கும் பொறுப்பு மட்டும் என் மனைவிக்கு மாற்றப்பட்டுள்ளது. சீட்டை அவளே குதிகாலைப் பெடலில் வைத்து, காலை நீட்டி, ஏற்றிக்கொண்டாள். எஃகு நாடாவால் அளந்தேன்: எழுநூற்று மூன்று. ஒன்று கூடுகிறது என்றேன். “அந்த ஒண்ணு எனக்கு மாமா” என்றாள். பதிவேட்டில் எழுநூற்று மூன்று என்றே எழுதியிருக்கிறேன். புதிய சிவப்புக் கோடும் போட்டாயிற்று. தின்னர் புட்டியை எங்கோ ஒளித்துவைத்துவிட்டார்கள்.

மூன்றாவது தாளில், தங்கள் கட்டைவிரலைக் குறித்து நான் குறை சொல்லியிருக்கும் வரியின்மேல், ஒரு கறுப்பு ரேகை இருப்பதைக் காண்பீர்கள். கறை என்று நினைக்கவேண்டாம். “அப்பா கட்டைவிரலும் என் கட்டைவிரலும் ஒண்ணுதான். இந்தாங்க, வெச்சுக்கோங்க” என்று எண்ணெய்க் கையோடு மருமகள் வேண்டுமென்றே பதித்தது. அகலம் பத்தொன்பது மில்லிமீட்டர். எஃகு நாடாவால் இருமுறை சரிபார்த்தேன்.